கண்ணாடி மணிச் சுடருக்கு ஆக்சிஜன்: சிலிண்டரிலும் செறிவூட்டியிலும் என் அனுபவம்

புதுச்சேரியில் வீட்டின் பின்கட்டிலுள்ள சிறு பட்டறையில் 2018 முதல் சுடரில் கண்ணாடி மணிகள் செய்து வருகிறேன். முதல் மூன்று ஆண்டுகள் சிலிண்டர் ஆக்சிஜனில் வேலை செய்தேன். 2021-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இன்றுவரை, அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் மருத்துவ ஆக்சிஜன் செறிவூட்டி ஒன்றையே நம்பியிருக்கிறேன். குழந்தைகளும் முதியவர்களும் நடமாடும் வீட்டில் இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த ஆக்சிஜன் ஆபத்தில்லாதது என்பதைத்தான். ஆபத்தே இல்லாத ஆக்சிஜன் என்று ஒன்று கிடையாது. ஆனால் குறைந்த சூட்டிலேயே இளகும் மென்கண்ணாடியில் மணி செய்பவருக்குச் செறிவூட்டியே மேல் என்று, இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

எல்.பி.ஜி.யிலுள்ள புரொப்பேன் ஒரு பங்கு முழுமையாக எரிய ஆக்சிஜன் ஐந்து பங்கு வேண்டும். வெறும் காற்றில் எரியும் எல்.பி.ஜி. சுடரிலும் மணி செய்ய முடியும், அதற்கென்றே டார்ச்சுகள் உண்டு. ஆனால் கண்ணாடி இளகுவதற்குள் பொறுமை போய்விடும், வெளிர் நிறங்களில் புகைக்கறையும் ஏறும். தொடங்கும்போது ஆறு மாதம் அப்படிப் பழகுவதில் தவறில்லை. அதற்கு மேல் ஆக்சிஜன் தேவைப்படும்.

என் முதல் சிலிண்டர், ஏழு கன மீட்டர் கொள்ளும் பெரிய வகை. நிமிடத்துக்கு 5 லிட்டர் செலவழித்தால் அது ஏறத்தாழ 23 மணி நேரம் வரும். சுடரைப் பொறுத்தவரை அதில் குறையே கிடையாது: தூய்மை மாறாது, மின்சாரம் போனாலும் எரியும், அழுத்தத்தை ரெகுலேட்டரில் வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். என் கவலையெல்லாம் சுவரோரம் சங்கிலியில் கட்டி நிறுத்திய, 150 பார் (வெளிக் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 150 மடங்கு) அழுத்தமுள்ள அந்த உருளையைப் பற்றித்தான். அது சாய்ந்து வால்வு முறிந்தால் வாயு பீறிட்டு, உருளையே ஏவுகணைபோல் பாயும். கசிவோ சத்தமின்றி நடக்கும். மூடிய அறையில் ஆக்சிஜன் 23.5 சதவீதத்தைத் தாண்டினாலே அதை அபாயச் சூழலாகக் கொள்கிறார்கள். அதற்கு நிறமோ மணமோ இல்லாததால் நமக்கு எதுவும் தெரியாது. அந்தக் காற்றில் ஊறிய பருத்தித் துணி, ஒரு பொறி பட்டால் சாதாரணமாக எரிவதைவிடப் பன்மடங்கு வேகத்தில் எரியும். நாமோ ஒரு கையெட்டும் தூரத்தில் சுடரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

2019-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நிரப்பிய சிலிண்டரைக் கொண்டுவந்த இளைஞர், ரெகுலேட்டரின் நட்டு இறுக்கமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, “ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சுளுவா ஏறிடும்க்கா” என்று சட்டைப்பையிலிருந்து தையல் மெஷின் எண்ணெய்ப் புட்டியை எடுத்தார். அதன் மூக்கு வால்வின் மரையிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நின்றபோது அவர் கையைப் பிடித்துவிட்டேன். அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய்ப் பசை தீப்பற்றப் பொறியே தேவையில்லை; வால்வைச் சட்டென்று திறக்கும்போது வாயு அழுந்தி எழும் சூடே போதும். ஆகவேதான் ஆக்சிஜன் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும் என்கிறார்கள். தேங்காய் எண்ணெய் தடவிய தலையைத் தொட்ட கையோடு ரெகுலேட்டரைத் தொடக்கூடாது என்ற வழக்கம் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உண்டு. அந்த இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுதான் வருத்தம்.

கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரல் 22 முதல், குறிப்பிட்ட ஒன்பது தொழில்களைத் தவிர மற்ற தொழிற்பயன்பாட்டுக்கு ஆக்சிஜன் வழங்குவதை மத்திய அரசு நிறுத்தியது. என் காலி சிலிண்டர் நிரப்பப்படாமல் கடையிலேயே கிடந்தது. அது சரியான முடிவு. மூச்சுக்காக மக்கள் தவித்துக்கொண்டிருந்தபோது மணிக்காக நான் கேட்டிருக்கவே மாட்டேன். அவ்வாண்டின் இறுதியில், நோயாளிகளுக்கான தேவை தணிந்து செறிவூட்டிகள் விற்பனைக்கு வரத் தொடங்கிய பிறகுதான், அதிகம் ஓடாத ஒன்றை வாங்கினேன்.

இந்தக் கருவி ஆக்சிஜனை உற்பத்தி செய்வதில்லை. அறைக் காற்றை அழுத்தி, சியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் சிறு உருண்டைகள் நிரம்பிய இரண்டு குப்பிகளில் மாறி மாறிச் செலுத்துகிறது. சியோலைட் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, ஆக்சிஜன் வெளியேறுகிறது. சில நொடிகளில் அழுத்தம் விடுபட்டு, பிடித்த நைட்ரஜன் ‘புஸ்’ என்ற ஓசையுடன் அறைக்கே திரும்புகிறது. காற்றிலுள்ள ஆர்கான் ஆக்சிஜனோடே வந்துவிடுவதால் தூய்மை 95 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. 93-ஐ ஒட்டி நிற்கும். இதில் சேமிப்பு என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை. வெளிவரும் அழுத்தம் ஒரு பாருக்கும் குறைவு. சுவிட்சை அணைத்தால் சற்று நேரத்தில் வரத்து நின்றுவிடுகிறது. குழாய் கழன்றாலும், வீட்டுக் காற்றிலிருந்து எடுத்த ஆக்சிஜன்தான் வீட்டுக்குள் திரும்புமே தவிர, வெளியிலிருந்து புதிதாக எதுவும் சேர்வதில்லை. எனக்கு இரவில் தூக்கம் தந்தது இந்த ஒரு குணம்தான். குழாயின் வாயருகே மட்டும் செறிவு அப்படியே இருக்கும் என்பதால், மடியில் குழாயைப் போட்டுக்கொண்டு கருவியை ஓட்டக்கூடாது.

தயாரிப்பாளர்கள் இக்கருவியை மூச்சுக்காகவே செய்கிறார்கள். தீயின் அருகே வைக்க வேண்டாம் என்றே கையேடு சொல்கிறது. எனவே செறிவூட்டியை அடுத்த அறையில், சுடரின் புகையை உறிஞ்சாத இடத்தில் நிறுத்தி, சுவர் வழியாகக் குழாய் கொண்டுவந்திருக்கிறேன். இப்படி வைக்கும்போது குழாய் கழன்றால் பட்டறைக் காற்றில் ஆக்சிஜன் கூடும் என்பதை மறக்கக்கூடாது. நோயாளிக்கான மெல்லிய பிளாஸ்டிக் குழாயையும் ஈரப்பதக் குப்பியையும் அகற்றிவிட்டு, ஆக்சிஜனுக்கென்றே வரும் நீல ரப்பர் குழாயைப் பொருத்தினேன். எல்.பி.ஜி.க்கு ஆரஞ்சு நிறக் குழாய். அதன் இணைப்பு மரை இடப்பக்கமாகச் சுற்றுவதால் இரண்டும் மாறிப்போக வழியில்லை. சுடர் குழாய்க்குள் பின்வாங்காமல் தடுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டரை இரண்டு பக்கமும் போட்டிருக்கிறேன். குறைந்த அழுத்தத்தில் அது வரத்தைச் சிறிது மட்டுப்படுத்தும் என்பது உண்மைதான், ஆனாலும் எடுக்கமாட்டேன். வாயுக்கள் டார்ச்சின் முனைக்கு வெளியே வந்து கலக்கும் வகையை வாங்கியதும் இதே காரணத்துக்காகத்தான். உள்ளே கலவை இல்லாததால் சுடர் பின்வாங்க இடமில்லை. எல்.பி.ஜி. சிலிண்டர் வெளிச்சுவரை ஒட்டி, திறந்த வெளியில் இருக்கிறது. அது வணிகச் சிலிண்டர். சமையல் சிலிண்டரை இதற்கு எடுப்பது விதிப்படி குற்றம்.

குறைகளும் உண்டு. 2023 மழைக்காலத்தில் குடும்பக் காரியமாக மூன்று மாதம் பட்டறையைப் பூட்டிவைத்தேன். திரும்பி வந்து முதல் நாள் நீலப்பச்சைக் கண்ணாடியில் ஒரு மணி சுற்றினேன். கம்பியில் உருண்டுகொண்டிருந்த மணியின் மேல் செங்கல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்தது. துருப் பிடித்ததுபோல் நரம்புகள் ஓடின. அந்தக் கண்ணாடிக்கு நிறம் தருவது தாமிரம். சுடரில் ஆக்சிஜன் போதாதபோது அது இப்படிச் சிவக்கும். எல்.பி.ஜி.யைக் குறைத்தும் பயனில்லை. ஆக்சிஜன் தூய்மையைக் காட்டும் அளவுக்கருவியை வைத்துப் பார்த்தபோது 78 சதவீதம் காட்டியது. கடலோர ஈரத்தைச் சும்மா கிடந்த சியோலைட் குடித்துவிட்டிருந்தது. பல மணி நேரம் ஓட்டியும் 84-க்கு மேல் ஏறாததால் குப்பிகளை மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது வேலை இல்லாவிட்டாலும் வாரம் இருமுறை அரைமணி நேரம் ஓட்டுகிறேன், பஞ்சு வடிகட்டியை வாரந்தோறும் கழுவிக் காயவைத்துப் போடுகிறேன், மாதம் ஒருமுறை தூய்மையை அளந்து சுவரில் எழுதுகிறேன்.

மின்சாரம் நின்றால் சுடர் உடனே மஞ்சளாக நீண்டு புகையும். பதறாமல் எல்.பி.ஜி.யைக் குறைத்து, மணியைச் சுடரின் ஓரத்தில் சுழற்றிச் சூடு ஆறாமல் சூளைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கப் பழக வேண்டும். கம்ப்ரெசர் மோட்டார் ஓடுவதால் சாதாரண இன்வெர்ட்டர் ஒத்துவரவில்லை. மின்னலை சீராக வரும் சைன் வேவ் வகை வேண்டியிருந்தது. என் கருவி 350 வாட் எடுக்கிறது. பெரிய சிலிண்டர் தரும் 23 மணி நேர வேலைக்கு எட்டு யூனிட் மின்சாரம்தான் ஆகிறது.

இளக அதிகச் சூடு கேட்கும் போரோசிலிகேட் கண்ணாடியில் பெரிய வேலை செய்பவர்களுக்கு ஒரு செறிவூட்டி போதாது. மணி மட்டும் செய்வதற்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் தாராளம். வரத்தைக் கூட்டும் குமிழை 5-க்கு மேல் திருப்பினால் வரத்துக் கூடும், தூய்மை இறங்கும், சுடர் குளிரும். அதனால் ஒரு லாபமும் இல்லை. கூடுதலாக வேண்டுமானால் இரண்டாவது கருவியை வாங்கி இணைப்பது நல்லது. செறிவூட்டியிலிருந்து கம்ப்ரெசர் வைத்து வீட்டிலேயே சிலிண்டர் நிரப்பலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சாதாரணக் கம்ப்ரெசரின் உள்ளே எண்ணெய் இருக்கிறது. அந்த இளைஞரின் எண்ணெய்ப் புட்டியின் மூக்கு வால்வை நெருங்கியபோது நான் பயந்தது இதற்குத்தான்.

பழைய கருவி வாங்கப் போகிறவர்கள் அளவுக்கருவியைக் கையோடு கொண்டுபோய், 5 லிட்டரில் முழுதாக அரைமணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் காட்டும் 93-ஐ நம்ப வேண்டாம். கருவி ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் குறைவாகக் காட்டினாலும், எத்தனை மாதம் சும்மா கிடந்தது என்று கேளுங்கள். குப்பிகளை மாற்றிய என் கருவி இந்த மாதம் 92 காட்டியது. 85-க்கு இறங்கினால் மறுபடி மாற்றுவேன்.