குட்டிக்கு உலர் தீவனமா, வீட்டுச் சமையலா?

நாய்க்குட்டி தாய்ப்பாலை விடத் தொடங்கும் 4ஆவது வாரத்திலேயே இந்தக் குழப்பம் வந்துவிடும்.

வசதி
தீவனம்: அளந்து போட்டால் போதும். முதல் சில வாரம் மட்டும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் குழைக்க வேண்டும்.
சமையல்: 3 மாதம் வரை தினம் 4 வேளை, 6 மாதம் வரை 3, அப்புறம் 2. மொத்தமாகச் சமைத்து வைத்தாலும் வேலைதான்.

சத்து
இங்கேதான் விஷயமே இருக்கிறது. இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் ரொம்பக் குறைவு. வெறும் இறைச்சியில் வளரும் குட்டியின் எலும்பு வலுவிழந்து முறியக்கூடும். பயந்துபோய்க் கால்சியம் மாத்திரையை அள்ளிக் கொடுப்பதும் ஆபத்து. மிகையான கால்சியத்தைத் தடுக்கக் குட்டியின் குடலுக்கு இன்னும் தெரியாது. பெரிய இனங்களில் எலும்பும் மூட்டும் கோணலாக வளரலாம். குட்டிகளுக்கான முழுமையான தீவனத்தில் கால்சியம், பாஸ்பரஸ் விகிதம் சரிசெய்யப்பட்டிருக்கும்.

சுவை
சமையலுக்கே வெற்றி. வெங்காயமும் பூண்டும் மட்டும் சேரவே கூடாது.

பெரிய இனமா, நேரமும் குறைவா? பெரிய இனக் குட்டிகளுக்கென்றே உள்ள தீவனம், 12–18 மாத வயதாகும் வரை. சிறிய இனத்துக்குச் சுமார் ஒரு வயது வரை போதும். உணவு ஒவ்வாமை உள்ள குட்டிக்குச் சமையல் சரிப்படலாம். ஆனால் கால்நடை மருத்துவர் எழுதித் தரும் அளவுப்படிதான், கண்ணளவில் அல்ல.