சுண்ணாம்புத் தெளிநீரா, இரண்டு போத்தலா?

கல்முருகை (பவளம்) வளர்க்கும் என் கடல்நீர்த் தொட்டியைப் பார்க்க வருபவர்கள் கேட்பது: "எங்கட கிணத்துத் தண்ணியே சுண்ணாம்புதானே, பிறகேன் கல்சியம் ஊத்துறியள்?" யாழ்ப்பாணத்து நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் இருப்பது உண்மை. ஆனால் தோட்டங்களுக்குப் போடும் பசளையின் நைத்திரேற்றும் அதே கிணற்றில்தான் இறங்குகிறது. தொட்டியில் அது பாசியாகத்தான் முளைக்கும். அதனால் ஆர்.ஓ. வடியில் சுத்தமாக்கிய தண்ணீர் ஊற்றி, கல்சியத்தைத் தனியே கொடுக்கிறேன். கல்முருகைகளுக்கு லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரை வேண்டும்.

நான் சுண்ணாம்புத் தெளிநீர் கட்சி. பள்ளிக்கூடத்தில் குழாயால் ஊதிப் பால்நிறமாக்கினோமே, அதே கல்சியம் ஐதரொட்சைட்டு. லீற்றருக்கு ஒன்றரைக் கிராம் கரைத்து, மூடி, அடையவிட்டு, தெளிவை மட்டும் இரவில் சொட்டவிட வேண்டும். இரவில் பிஎச் (அமில-கார அளவு) இறங்கும், இது தூக்கிக் கொடுக்கும். கல்சியமும் காரத்தன்மையும் முருகை எடுக்கும் விகிதத்திலேயே சேரும்.

ஒரே வரம்பு: ஆவியாகும் அளவுக்குத்தான் ஊற்றலாம். எங்கள் வெக்கைக்கு அது குறையில்லை. 200 லீற்றர் தொட்டியில் நாளுக்கு 3 லீற்றர் போனால், அந்த ஈடுசெய்தலே லீற்றருக்கு ஏறத்தாழ 12 மில்லிகிராம் கல்சியம் தரும். விசிறி பூட்டினால் இன்னும் போகும்.

சேலைன் குழாயில் சொட்டவிடுவது மலிவு. ஆனால் ஒருநாள் இரவு கரண்ட் போய்ப் பம்பி நின்றும் சொட்டு நிற்கவில்லை. பிஎச் 12ஐத் தாண்டிய நீர் ஒரு மூலையில் தேங்கி, பக்கத்திலிருந்த முருகை வெளுத்துப் போனது. கரண்ட் போனால் முதலில் குழாயை மூடுங்கள்.

கல்முருகைகள் பெருத்துவிட்டால் தெளிநீர் மட்டும் காணாது. அப்போதுதான் இரண்டு போத்தல்: ஒன்றில் கல்சியம் குளோரைட்டு, மற்றதில் அப்பச்சோடா. எவ்வளவு தேவையோ அவ்வளவும் ஊற்றலாம், அளவு நம் கையில். ஆனால் இரண்டையும் இடைவெளி விட்டே ஊற்ற வேண்டும்; சேர்ந்தால் வெள்ளைத் தூளாகப் படியும். உப்பும் மெல்ல ஏறும், அதையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

காபனீரொட்சைட்டுச் சிலிண்டர் வைத்து முருகைத் துணுக்கைக் கரைக்கும் ரியாக்டரும் உண்டு. பெரிய தொட்டிக்குச் சரி. 200 லீற்றருக்கு அது குருவி தலையில் பனங்காய்.

வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா? வேறென்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் நான் போடமாட்டேன்.

இப்போது என் தொட்டிக்கு இரவில் தெளிநீர். ஞாயிறில் சோதித்து, குறைவதை மட்டும் போத்தலால் நிரப்புகிறேன். கல்சியம் ஏறவே மறுத்தால் இன்னும் ஊற்றாமல் மகனீசியத்தைப் பாருங்கள். அது லீற்றருக்கு 1250 மில்லிகிராமுக்குக் கீழே போயிருக்கலாம்.