பச்சை லேபிளோடு பன்னிரண்டு வருடம்

ஊரில் இருந்தவரை எனக்குப் பீர் என்றால் ஒரே நிபந்தனைதான்: பல் கூச வேண்டும். சில்லென்று இருந்தால் போதும், ருசியைப் பற்றி யாரும் பேசியதில்லை. 2013-இல் வேலைக்காகக் கலிஃபோர்னியா வந்த முதல் மாதம், அலுவலக நண்பர் ஒருவர் தன் வீட்டில் பச்சை லேபிள் ஒட்டிய பழுப்பு பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தார். சியரா நெவாடா பேல் ஏல் என்ற பீர். முதல் மடக்கிலேயே கெட்டுப்போன சரக்கு என்று நினைத்தேன். அப்படி ஒரு கசப்பு. விழுங்கின பிறகும் அடிநாக்கை விட்டுப் போகவில்லை. மரியாதைக்காக மீதியையும் குடித்தேன். பாதி பாட்டில் தாண்டியபோது, கசப்புக்குப் பின்னால் எனக்குத் தெரிந்த ஏதோ ஒரு வாசனை ஒளிந்திருப்பது போல இருந்தது. அது என்னவென்று பிடிபட இரண்டு வருடம் ஆயிற்று.

அன்றிலிருந்து இந்த பீரைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு பாட்டில், மிஞ்சினால் மூன்று. நடுவில் டாக்டர் முறைத்த சில மாதங்கள் மட்டும் விடுமுறை.

வாசனை பிடிபட்டது சிக்கோ என்ற ஊரில். எங்கள் பக்கத்திலிருந்து வடக்கே மூன்று மணி நேரக் கார்ப் பயணம். இந்த பீர் பிறந்த ஊர் அது. வீட்டிலேயே பீர் காய்ச்சுவோருக்குச் சாமான் விற்றுக்கொண்டிருந்த கென் கிராஸ்மேன், பால் பண்ணைகள் கழித்துக்கட்டிய பாத்திரங்களை வாங்கி ஒட்டுப்போட்டு 1980-இல் இங்கே உலையை ஏற்றினார். இப்போது அங்கே நிற்பவை ஆள் உயரத்தை விடப் பெரிய செப்புக் கொப்பரைகள். சுற்றிக்காட்டிய பெண் எங்கள் உள்ளங்கையில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற காய்ந்த பூக்களைக் கொஞ்சம் வைத்து, நன்றாகக் கசக்கி முகரச் சொன்னார். மஞ்சள் பொடி பிசுபிசுவென்று ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனதும் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டு வேப்பிலைக்கட்டி! பெயரில்தான் வேப்பிலை, உரலில் இடிபடுவது நார்த்தை இலையும் எலுமிச்சை இலையும். அந்த இலையை நரம்பு கிள்ளும்போது வரும் வாசனையே இங்கேயும் இருந்தது, கூடவே பைன் மரப் பிசின் வாடை. இரண்டு வருடமாக இதைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த ஹாப்ஸ் ரகத்தின் பெயர் கேஸ்கேட். ஆரிகன் மாநிலத்தில் அமெரிக்க வேளாண் துறை நடத்திய ஒட்டுரக ஆராய்ச்சியில் உருவாகி 1972-இல் வெளிவந்தது. அதன் தாய்வழி இங்கிலாந்தின் ஃபகிள் ரகம். ஃபகிளிடம் மண் வாசனைதான் தூக்கல். பிள்ளையோ பம்பளிமாஸ் தோலை உரித்தது போல மணக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975-இலேயே தன் லிபர்ட்டி ஏலில் இதைப் போட்டுவிட்டது. ஆங்கர் 2023-இல் மூடப்பட்டது இன்றும் எனக்கு வருத்தம்தான். ஆனால் இந்த வாசனையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது சிக்கோ பாட்டில்தான்.

ஒரே பூவில் கசப்பு எப்படி, மணம் எப்படி என்று எனக்கு ரொம்ப நாள் குழப்பம். ரசம் வைப்பவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். ஹாப்ஸை முதலிலேயே போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், மணம் ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைக்கும் நேரத்தில் போட்டால் மணம் தங்கும், கசப்பு அவ்வளவாக ஏறாது. கொத்தமல்லித் தழையைக் கடைசியில் தூவுகிற அதே கணக்கு. இந்த பீரில் இரண்டு வேளையும் போடுகிறார்கள். கசப்பை அளக்கும் ஐபியு கணக்கில் இது 38. பெரிய கம்பெனிகளின் லாகர், அதாவது கசப்புக் குறைந்த சாதாரண பீர், பத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆல்கஹால் 5.6 சதவீதம்.

இத்தனை வருடத்தில் எனக்கு உறைத்த விஷயம் ஒன்றுதான்: இந்த பீரில் நாம் காசு கொடுப்பது வாசனைக்கு, வாசனையோ நிற்காத சரக்கு. ஒயின் போல வைத்திருந்தால் ஏறும் என்று நினைத்து ஒரு பெட்டியை அலமாரியில் ஆறு மாதம் பத்திரப்படுத்திய முட்டாள் நான். திறந்தபோது நார்த்தை இலையைக் காணோம். காய்ச்சின சர்க்கரைத் தித்திப்பும், நனைந்த அட்டைப்பெட்டி வாடையும்தான் மிச்சம். அப்புறமும் திருந்தவில்லை. ஒரு கடையில் பாதி விலை என்று போட்டிருந்ததைப் பார்த்து இரண்டு பெட்டி தூக்கி வந்தேன். வீட்டில் தேதியைப் பார்த்தால் எட்டு மாதத்துக்கு முன் அடைத்தது, அதுவும் வெயில் படும் ஜன்னலோரம் அடுக்கியிருந்தார்கள். அதில் மாட்டிறைச்சிக் குழம்பு வைத்தோம். குழம்பு நன்றாகவே வந்தது, அது வேறு கதை.

அடைத்த தேதி பாட்டிலிலேயே பொடி எழுத்தில் இருக்கும். இரண்டு மாதத்துக்குள் இருந்தால் எடுப்பேன், இல்லாவிட்டால் வைத்துவிடுவேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். கத்தரிக்காயைக் காம்பு பார்த்து வாங்குகிற பரம்பரை, வேறு எப்படி இருப்பேன்?

இன்னொரு பாடம் வெயிலில் கிடைத்தது. கொல்லைப்புறத்தில் பார்பெக்யூ போட்ட நாள், கிளாஸில் ஊற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கரியைக் கிளறப் போனேன். கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்து வாயருகே கொண்டுபோனால் ஸ்கங்க் நாற்றம். இந்த ஊர் நெடுஞ்சாலையில் அந்தப் பிராணி அடிபட்டுக் கிடந்தால், கார்க் கண்ணாடியை ஏற்றிய பிறகும் உள்ளே வருமே, அதே நாற்றம். ஹாப்ஸின் கசப்புச் சத்து வெளிச்சத்தில் உடைந்து கந்தகச் சேர்மமாக மாறிவிடுகிறது. பழுப்பு பாட்டில் அந்த வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கும், வெறும் கிளாஸ் தடுக்காது.

பல் கூசுகிற குளிர்ச்சி இதற்கு ஆகாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுகிறேன். ஃபிரீசரில் உறையவைத்த கிளாஸ் கூடவே கூடாது. மூக்குக்கு ஒன்றும் எட்டாது, கசப்பு மட்டும் மிஞ்சும். கிளாஸில் சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரை உடனே அடங்கிவிடும். பாட்டில் அடியில் மங்கலாக ஒரு படிவு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது ஈஸ்ட். பாட்டிலுக்குள்ளேயே கொஞ்சம் நொதிக்கவிட்டுத்தான் கேஸ் ஏற்றுகிறார்கள். நான் அதையும் சேர்த்தே ஊற்றிக்கொள்கிறேன்.

சாப்பாட்டோடு? வறுத்த நெத்திலி, மிளகு தூவிய முந்திரி, உப்புக்கடலை எல்லாம் பிரமாதம். கொழுப்பும் உப்பும் கசப்பைத் தணித்துவிடுகின்றன. காரம்தான் சிக்கல். மனைவி வைத்த செட்டிநாட்டுக் கோழியோடு குடித்த இரவு, கசப்பும் காரமும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டு நாக்கே கழன்றுவிடும் போலிருந்தது. காரமான நாளில் லாகரே மேல்.

போன கோடையில் சித்தப்பா வந்திருந்தார். ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், ஒரு மடக்கு குடித்தார், கிளாஸைத் தள்ளி வைத்தார். "வாசனை நல்லாத்தான்டா இருக்கு தம்பி. ஆனா கசாயத்தைக் காசு குடுத்தா வாங்குவாங்க?" பழகிவிடுவார் என்று ஒரு வாரம் பார்த்தேன். பழகவில்லை. சாத்துக்குடி ஜூஸே போதும் என்றுவிட்டார்.

எனக்கும் குறைகள் உண்டு. மூன்றாவது பாட்டிலில் நாக்கு மரத்துப்போய் முதல் பாட்டிலின் மணத்தில் பாதிகூடத் தெரியாது. ஒரு பாட்டிலுக்கு 175 கலோரி. என் வயதில் அது கணக்கில் வரும். ஹாப்ஸை அள்ளிப் போட்டுக் காய்ச்சும் ஐபிஏ என்ற பீர் வகையில், இன்றைய கலங்கல் ஐபிஏக்களின் மாம்பழ மணத்துக்குப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் பழைய பாணியாகத் தெரியலாம். அவற்றையும் குடித்துப் பார்த்தேன். இரண்டு மடக்கு அபாரம், அதற்குமேல் பழரசம் குடிக்கிற அலுப்பு. இதில் மால்ட்டின், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியின், ரொட்டி ருசி அடியில் நிற்பதால் கசப்புக்குச் சாய்ந்துகொள்ள ஒரு இடம் இருக்கிறது.

ஆனால் அந்த ஐபிஏ மோகத்தால் எனக்கு நேரடியாகவே ஒரு நஷ்டம். பக்கத்துக் கடையில் ஒரு தட்டு முழுக்க நின்ற பச்சை லேபிள் இப்போது ஓரத்தில் இரண்டு பெட்டியாகச் சுருங்கிவிட்டது. வாங்குபவர் குறைந்தால் பழைய பெட்டி அங்கேயே கிடக்கும். போன சனிக்கிழமை பார்த்தேன், இரண்டும் மூன்று மாதச் சரக்கு. வெறுங்கையோடு திரும்பிவிட்டேன்.