மதுரையில் ஒரு மிக்ஸி வாங்கிய கதை

ஜெர்மனியிலிருந்து மூன்று வார லீவில் மதுரைக்குப் போயிருந்தேன். அம்மாவின் மிக்ஸி பதினாறு வருடம் உழைத்துக் களைத்துவிட்டது, புதுசு வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று பைபாஸ் ரோட்டில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். போனதும் "வாங்க சார், வாங்கம்மா" என்று குளிர்ந்த மோர், ஃபேனுக்கடியில் நாற்காலி. அதுவரை குறையில்லை.

பில் போடும் இடத்தில்தான் ஆரம்பித்தது. போன் நம்பர் வேண்டுமாம். என்னுடையது ஜெர்மன் நம்பர், கடை கம்ப்யூட்டரில் பத்து இலக்கம்தான் ஏறும். நம்பரே வேண்டாமே, காசாகத் தருகிறேன் என்றால், "நம்பர் இல்லாம பில் வராது சார், சிஸ்டம் எடுக்காது" என்கிறார் பில் போடும் பெண். இப்படி வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் துறை கடைகளுக்குச் சொல்லிவிட்டது. அதை அவரிடம் சொல்லி என்ன பயன்? ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தினார்கள், அவருக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் கேரி பேக் கட்டுதான் உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து நிற்கிற பிள்ளையிடம் எனக்குச் சண்டை போட மனசு வரவில்லை. அம்மா நம்பரைக் கொடுத்தேன்.

மறுநாள் காலை தேங்காய்ச் சட்னிக்குச் சின்ன ஜாரை மாட்டினால் உட்காரவே இல்லை. அமுக்கிப் பிடித்து ஓட்டினால் அடியிலிருந்து கசிந்து மேடையெல்லாம் வெள்ளை. தூக்கிக்கொண்டு போனேன். மோர் கொடுத்த அதே ஆள் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன் அடிங்க, நாங்க விக்கிறதோட சரி" என்றார். ஒரு நாள்கூட ஆகவில்லையே என்றதற்கு, பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற வரியை விரலால் தட்டிக் காட்டினார்.

எனக்குக் கோபமே அந்த வரியில்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிகம். இதைச் சொன்னால் மேனேஜர், "அதெல்லாம் ஆன்லைன்ல வாங்குறவங்களுக்கு சார்" என்று சிரிக்கிறார்! அப்புறம் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு, பில் விவரம் சொல்லிப் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம், நம்மூர் ஆட்கள் நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை.

நான் விமானம் ஏறுகிறவரை கடையிலிருந்து போன் வரவில்லை. ஆனால் கட்டாயப்படுத்தி வாங்கிய நம்பருக்கு 'அன்பு வாடிக்கையாளரே, அதிரடித் தள்ளுபடி' என்று தினம் ஒரு மெசேஜ் தவறாமல் வந்தது. "யாருடா இவன், விடியறதுக்குள்ள அன்பா இருக்கான்" என்று கேட்டுக்கொண்டே அம்மா பழைய மிக்ஸியைத் துடைத்து எடுத்து வைத்தார்.