துரியனா, மங்குஸ்தானா: முதலில் எதைச் சுவைப்பது?

வெளிநாட்டுக்குக் குடிபோன புதிதில் பழக்கடையில் இந்த இரண்டின் முன்னால்தான் பலரும் தயங்கி நிற்கிறார்கள்.

சுவை: மங்குஸ்தான் இனிப்பும் லேசான புளிப்புமாக, சாறு நிறைந்தது. பிடிக்காதவர்கள் அபூர்வம். துரியன் வெண்ணெய் போலக் குழைந்த சதை. இனிப்போடு கொஞ்சம் கசப்பு, வெங்காய நெடி. ஒரே மரத்துப் பழமானாலும் ஒன்றுபோல இருக்காது. முசாங் கிங் ரகத்தில் கசப்பும் இனிப்பும் சேர்ந்தே வரும். தொடங்குபவருக்கு இனிப்பு தூக்கலான ரகமே நல்லது.

வாசனை: மங்குஸ்தானுக்கு அநேகமாக இல்லை. துரியனோ ஊரைக் கூட்டும். சிங்கப்பூர் மெட்ரோ ரயிலில் அதற்குத் தடையே உண்டு. ஃபிரிட்ஜில் வைத்தால் பாலும் மணக்கும், ஜாக்கிரதை.

வாங்குவது: மங்குஸ்தானின் அடியில் பூ மாதிரி ஒரு குறி இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. இதழ் கூடினால் சுளை சிறிதாகும், பெரும்பாலும் கொட்டையும் குறையும். தோல் கல்லாக இறுகியிருந்தால் வேண்டாம். துரியனை வெளியே பார்த்துக் கணிக்கப் பழக்கம் வேண்டும்; கடைக்காரரையே பிளந்து காட்டச் சொல்லுங்கள்.

உரிப்பது: மங்குஸ்தானுக்குக் கைவிரல் போதும், ஆனால் தோலின் சாறு துணியில் பட்டால் கறை போகாது. துரியன் முள்ளுக்குத் தடித்த கையுறையும் கத்தியும் தேவை.

குழந்தைகளோடு சாப்பிட, பரிசாகக் கொடுக்க மங்குஸ்தான். பலாப்பழம் பிடித்தவர், வாசனைக்கு அசராதவர் என்றால் துரியன். முழுப்பழம் வேண்டாம், சுளை பெட்டி ஒன்று போதும். வீட்டில் மற்றவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.