டிசம்பர் 8 பிரவுனிக்கு எது சரி: சாக்லேட் கட்டியா, கொக்கோ தூளா, ஆவியா?

அமெரிக்காவில் டிசம்பர் 8-ஐ பிரவுனி என்ற சாக்லேட் இனிப்பின் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நமக்கு அது பண்டிகை இல்லை. ஆனால் தீபாவளிப் பலகார டின்கள் காலியாகி, கிறிஸ்துமஸ் கேக் இன்னும் வராத நேரத்தில், வீட்டில் ஒரு இனிப்பு செய்ய நல்ல சாக்கு. மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த சின்னப் பட்டணத்தில் இருப்பவர்களுக்கு மூன்று வழி உண்டு. சாக்லேட் கட்டியை உருக்கிச் செய்யலாம், கொக்கோ தூளில் செய்யலாம், ஓவன் இல்லையென்றால் ஆவியில் வேகவைக்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஊர்க் கடையில் கிடைப்பதை வைத்துப் பார்த்தால் கொக்கோ தூள்தான்.

முதலில், நல்ல பிரவுனி எப்படி இருக்க வேண்டும்? 1893-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, அங்கே வரும் பெண்களின் மதிய உணவுப் பெட்டிக்கு ஏற்ற இனிப்பு ஒன்று வேண்டும் என்று பால்மர் ஹவுஸ் ஹோட்டல் உரிமையாளரின் மனைவி பெர்த்தா பால்மர் கேட்க, அந்த ஹோட்டல் சமையலறையில் இது பிறந்ததாகச் சொல்வார்கள். அந்த ஹோட்டலில் இன்றும் வால்நட் தூவி, ஏப்ரிகாட் பாகு பூசித்தான் தருகிறார்கள். கேக்கைவிடச் சின்னது, கையில் பிடித்துச் சாப்பிடக்கூடியது. அதற்கு உள்ளே கனமும் ஈரமும் இருக்க வேண்டும், உதிரக் கூடாது. மேலே மினுமினுப்பாக ஒரு மெல்லிய தோல், கத்தி பட்டால் நொறுங்க வேண்டும். மூன்று வழிகளையும் இதை வைத்துத்தான் அளக்கிறேன்.

சாக்லேட் கட்டியில் ஆரம்பிப்போம். நம் வீடுகளில் டிசம்பரில் சமையல் சாக்லேட் மிச்சம் இருப்பதற்குக் காரணம் ஆல்மண்ட் லண்டன் என்கிற, சாக்லேட்டில் முக்கிய பாதாம் பிஸ்கட். தீபாவளிக்கு அந்தப் பிஸ்கட்டை முக்கி எடுக்க ஒரு கிலோ கட்டி வாங்கினால் கால்வாசியாவது ஐஸ்பெட்டியில் தங்கிவிடும். அதைப் பிரவுனியில் போட்டுத் தீர்க்கலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். போடுவதற்கு முன் பொட்டலத்தைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படியுங்கள். மலாயில் ‘மெந்தேகா கோக்கோ’ (கொக்கோ வெண்ணெய்) என்று இருந்தால் அது நிஜமான சாக்லேட். ‘லெமாக் சாயூரான்’ என்று இருந்து, முன்பக்கம் ‘கொம்பாவுன்’ என்றும் போட்டிருந்தால், கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்தது. பெரும்பாலும் அது செம்பனைப் பருப்பிலிருந்து எடுத்த கொழுப்புதான், நம் தோட்டத்துக் குலையிலிருந்து ஆலைக்குப் போகிற அதே பருப்பு.

பிஸ்கட்டை முக்க அது அருமையான பொருள். சட்டென்று இறுகும், பளபளக்கும், நம் வெயிலுக்கும் தாங்கும். பிரவுனிக்குள் போனால்தான் சிக்கல். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகிவிடும், அதனால் நாக்கில் பட்டதும் கரையும். கொம்பாவுனில் உள்ள கெட்டிப்படுத்திய கொழுப்பு அப்படிச் சுத்தமாகக் கரையாமல், ஆறிய பிரவுனியைக் கடிக்கும்போது மேலண்ணத்தில் மெழுகு போல் ஒட்டும். அதில் சீனி நிறைய, கொக்கோ குறைவு. ஆகவே பிரவுனி தித்திக்கும், ஆனால் சாக்லேட் சுவை எங்கோ தூரத்தில் இருக்கும். சின்னப் பட்டணங்களில் வீட்டுப் பிரவுனி ஏமாற்றமாக முடிவதற்குப் பெரும்பாலும் இந்தக் கட்டிதான் காரணம், செய்தவர் கை இல்லை.

நிஜமான சாக்லேட் கிடைத்தால் கதை வேறு. ஈப்போ பக்கம் போகிறவர்களிடம் சொல்லி, 55 சதவீதத்துக்கு மேல் கொக்கோ உள்ள கறுப்புச் சாக்லேட் வாங்கி வரச் சொல்லுங்கள். 20 செண்டிமீட்டர் சதுரத் தட்டுக்கு சாக்லேட் 200 கிராம், பட்டர் 120, சீனி 200, முட்டை 3, கோதுமை மாவு 80, கொக்கோ தூள் 20. இந்தப் பிரவுனியின் ஆழமான சுவைக்கு மற்ற இரண்டும் ஈடாகாது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் செலவு அதிகம். 2024-இல் கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் விளைச்சல் படுத்ததால் கொக்கோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. அதற்குப் பிறகு நல்ல சாக்லேட்டை மலிவுப் பொருள் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் நம் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பாகான் டத்தோ, கீழ்ப் பேராக் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் தென்னைக்கு அடியில் கொக்கோ நின்ற காலத்தைச் சொல்வார்கள். 1990 வாக்கில் மலேசியா ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கொக்கோ விளைவித்தது. பிறகு காய்த் துளைப்பான் பூச்சியும் விலைச் சரிவும் சேர்ந்து அடித்ததில், தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சமீப ஆண்டுகளில் உள்நாட்டு விளைச்சல் ஆயிரம் டன்னைக்கூடத் தொடவில்லை. இருந்தாலும் வெளிநாட்டுக் கொட்டையை இறக்குமதி செய்து அரைக்கும் ஆலைகள் இங்கே பெரிய அளவில் இயங்குகின்றன. அதனால் தரமான கொக்கோ தூள் சின்ன ஊர்க் கடையில்கூடத் தடையில்லாமல் கிடைக்கிறது. நல்ல சாக்லேட் கட்டிக்கு அந்த வசதி இல்லை.

இனி கொக்கோ தூள். அதே தட்டுக்கு பட்டர் 110 கிராம், சமையல் எண்ணெய் 30 மில்லி, சீனி 230, கொக்கோ தூள் 75, உப்பு ஒரு சிட்டிகை, முட்டை 2, கோதுமை மாவு 65. பட்டர், எண்ணெய், சீனி, தூள், உப்பு ஐந்தையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, கொதிக்கிற தண்ணீருக்கு மேல் வைத்துக் கிளறுங்கள். விரல் வைத்தால் சுடுகிற அளவுக்குச் சூடேற வேண்டும். பார்க்க நறநறவென்று, கெட்டுப்போன மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். கொஞ்சம் ஆறவிட்டு முட்டையை ஒவ்வொன்றாக ஊற்றி மரக்கரண்டியால் அடித்தால், கண்ணெதிரே அந்தக் கலவை வழுவழுப்பாகி மின்ன ஆரம்பிக்கும். மேல்தோல் உருவாவதே இங்கேதான்: சீனி நன்றாகக் கரைந்து முட்டையோடு கலந்தால்தான் அது வரும். அப்புறம் மாவைப் போட்டு, மாவு மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் பலமாகக் கிளறி, 165 டிகிரியில் 25 நிமிடம். குச்சியைக் குத்தினால் ஈரத் துகள் ஒட்டி வர வேண்டும். சுத்தமாக வந்தால் அது கேக் ஆகிவிட்டது.

எண்ணெய் எதற்கு? பட்டர் மட்டும் போட்டால் மறுநாள் கெட்டியாகிவிடும். கொஞ்சம் திரவக் கொழுப்பு சேர்ந்தால் மெல்லும்போது இழுவை வரும். நம் அடுப்படியில் இருக்கிற செம்பனை எண்ணெயே போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதன் வாசனை கொக்கோவை அமுக்கிவிடும். மார்ஜரின் சேர்த்தால் பிரவுனி வரும், ஆனால் பட்டரின் மணம் வராது. கொக்கோ தூள் வழியில் காசு மிச்சம் ஆகிறது இல்லையா, அதைப் பட்டரில் போடுங்கள். மைலோவைத் தூளுக்குப் பதிலாகப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், அதில் மால்ட்டும் சீனியும்தான் முக்கியம்.

மேசை ஓவன் வைத்திருப்பவர்கள் தட்டைக் கீழ் அடுக்கில் வையுங்கள். மேல் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தால், உள்ளே வேகும் முன் தோல் கருகிவிடும்.

ஆவியில் வேகவைப்பது மூன்றாவது வழி. மலாய்க்காரர்கள் செய்கிற ஆவிச் சாக்லேட் கேக்கை நம் வீடுகளிலும் பலர் அழகாகச் செய்கிறார்கள். இட்லிச் சட்டியே போதும், மூடியில் துண்டைக் கட்டினால் நீர் சொட்டாது. ஈரப்பதத்தில் இதை மிஞ்ச முடியாது. ஆனால் ஆவி 100 டிகிரியைத் தாண்டாது, அந்தச் சூட்டில் மேல்தோல் உருவாகாது, ஓரத்தில் முறுகலும் வராது. சுவையான கேக் கிடைக்கும், பிரவுனி கிடைக்காது. ஓவன் இல்லாத வீட்டில் தயங்காமல் செய்யுங்கள், இன்னொரு பலகாரமாக நினைத்து.

டிசம்பர் 8 கார்த்திகை மாதத்தில் வருகிறது. வீட்டில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் இருந்தால் முட்டை ஆகாது. இங்கேயும் கொக்கோ தூள்தான் கைகொடுக்கும். இரண்டு முட்டைக்குப் பதில் கட்டித் தயிர் 120 கிராம், கால் தேக்கரண்டி சோடா மாவு. மேல்தோல் மட்டும் வராது, அதற்கு வறுத்த முந்திரியைத் தூவி ஈடுகட்டலாம். அடுத்த வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும் கொடுப்பதாக இருந்தால், தூளிலும் பட்டரிலும் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

சுட்டது முழுவதும் ஆறும்வரை வெட்டாதீர்கள். முடிந்தால் 7-ஆம் தேதி இரவே சுட்டு மூடி வையுங்கள். கொக்கோ தூள் பிரவுனி மறுநாள்தான் நன்றாக இறுகும், வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டினால் ஓரம் பிசிறாமல் துண்டு வரும்.