படிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு ஓர் ஆன்லைன் பயிற்சி: சேரலாமா?

கல்லூரி மாணவர்களுக்கு வாசிப்பும் படிக்கும் முறையும் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கான பயிற்சி இது. நடத்துபவர்கள் பெயரைச் சொல்லப்போவதில்லை, இதே அச்சில் நிறைய இருப்பதால் வேறொன்றில் சேரப்போகிறவருக்கும் இது பயன்படும்.

வாசிப்புப் பகுதி ஒன்றுக்காகவே இதில் சேரலாம். பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் திரையில் வைத்து, மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படிக்கிறார் ஆசிரியர். இந்த ‘ஆனால்’ எதை மறுக்கிறது, வரைபடத்தை இப்போதே பார்க்கணுமா அப்புறமா, இந்த வாக்கியம் புரியவில்லை, அடுத்தது எடுத்துக்காட்டு மாதிரி இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போகிறது. நன்றாகப் படிக்கத் தெரிந்தவரும் எங்கே தடுமாறுகிறார், எங்கே வேகத்தைக் குறைக்கிறார் என்பது மாணவர் கண்ணில் சாதாரணமாகப் படவே படாது. அதையே நம்மையும் செய்து பதிவை அனுப்பச் சொல்கிறார்கள், ஒருவர் உட்கார்ந்து கேட்டுக் கருத்து எழுதுகிறார். பாடம் நடத்திப் பழகியவர்கள் பாதியிலேயே வாசிப்பை விட்டுவிட்டு விளக்கவுரைக்குத் தாவிவிடுவார்கள், அந்த இடத்தைச் சரியாகப் பிடிக்கிறார்கள்.

நினைவு பற்றிய பகுதியும் உருப்படியானது. 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட சோதனையை எடுத்துக்கொள்கிறார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டால் ஒன்றையே திரும்பப் படித்தவர்கள் முந்துகிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப்பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருக்கிறது, மற்றவர்களுக்கு 42தான். இந்தக் கணக்கைச் சொன்னால் எந்த மாணவரும் அசையமாட்டார், படித்தவுடன் எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பதைத்தான் நம்புவார். அதனால் வகுப்பிலேயே சின்ன அளவில் செய்துகாட்டுவது எப்படி என்று படிப்படியாகத் தருகிறார்கள், எனக்கு அது பிடித்திருந்தது.

அப்புறம் வருகிறது எரிச்சல். ‘நீங்கள் கண்ணால் கற்பவரா, காதால் கற்பவரா’ என்ற அந்த வினாத்தாளுக்கு ஒரு முழுப் பாடம்! ஆளுக்கேற்ற பாணியில் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உளவியலாளர் பேஷ்லரின் குழு 2008-இலேயே எழுதிவிட்டது. வாசிப்பு வகுப்புக்கு இதைக் கொண்டுபோனால், ‘நான் காதால் கற்பவன் சார், புத்தகம் எனக்கு ஒத்துவராது’ என்று சொல்லத் தயாராக ஒருத்தன் இருப்பான், அந்தச் சாக்கை நாமே எழுதிக் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும். மேலோட்டமாகப் பார், கேள்வி எழுப்பு, படி, பார்க்காமல் சொல்லிப்பார், மீண்டும் பார் என்று உளவியலாளர் ராபின்சன் 1946-இல் கொடுத்த எஸ்க்யூ3ஆர் (SQ3R) முறையும் இருக்கிறது, தப்பில்லை, ஐந்து படிகளையும் சடங்குபோல் செய்ய வைக்காமல் இருந்தால் சரி.

பெரிய குறை வேறு. நாம் நடத்தப்போகும் வாசிப்பு வகுப்புக்கு வருகிற மாணவர்களில் பலர் ஆசைப்பட்டு வருவதில்லை, மதிப்பெண் சரிந்து யாரோ அனுப்பி வருகிறார்கள். நம் வகுப்பில் அழகாகக் குறிப்பு எடுப்பார்கள், வேதியியல் புத்தகத்தைத் திறந்ததும் பழையபடி மஞ்சள் பேனாவை எடுத்துக்கொண்டு முழுப் பக்கத்தையும் தீட்டுவார்கள். திறமையைத் தனியாகக் கற்பித்தால் அது பாடத்துக்குள் தானாகப் போய்ச் சேராது என்பது இந்த வேலையின் தலைவலியே, பயிற்சியில் அதற்கு ஒரு பத்திகூட இல்லை. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் 1973-இல் ஒரு ஏற்பாடு தொடங்கினார்கள்: ‘பலவீனமான மாணவர்’ என்று யாரையும் தனியே பிரிக்காமல், பலர் தோற்கும் கடினமான பாடத்தையே குறிவைத்து, அதை ஏற்கெனவே நன்றாகப் படித்து முடித்த மாணவர் ஒருவரை வைத்துக் குழுவாகப் படிக்கவைப்பது. பாடமும் படிக்கும் முறையும் அங்கே ஒன்றாகவே நடக்கும். இதைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம்.

சான்றிதழ் வாங்கினால் வேலை தயார் என்பதுபோல் விளம்பரம் பேசுகிறது, அதை நம்பிச் சேராதீர்கள். ஏற்கெனவே பாடம் நடத்துகிறவர்கள், டியூஷன் எடுக்கிறவர்கள் தாராளமாகச் சேரலாம். மாணவர் முன்னால் இதுவரை நின்றதே இல்லை என்றால், முதலில் எங்காவது ஒரு பருவம் உதவியாளராக இருந்துவிட்டு வாருங்கள். இதுமாதிரி எந்தப் பயிற்சியில் பணம் கட்டுவதாக இருந்தாலும், நீங்கள் அனுப்பும் பதிவை ஒரு ஆள் கேட்டுக் கருத்து சொல்வாரா, இல்லை தானியங்கி மதிப்பெண்தானா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் இல்லையென்றால் விட்டுவிடலாம்.